கண்ணுக்கேற்ற எழுத்து

தெளிவு என்பது ஒன்று. பருமன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை எங்கள் ஊவா மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்து விடியற்பொழுதில் நமுனுகுலை மலைச்சாரலை மூடுபனி போர்த்தியிருக்கும்போது, பத்தடி தூரத்தில் எதிர்ப்பட்டு வருபவர் உறவினரா அயலாரா என்று தெரிவதில்லை. அங்கே பருமன் உண்டு, தெளிவு இல்லை. பனி விலகி வெயில் ஏறிய பின்னரோ, எதிர்மலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நிற்பது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவர்களுள் நம் தாய் யார், தமக்கை யார் என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. அங்கே தெளிவு உண்டு, பருமன் இல்லை. முகம் கண்டு ஒருவரை அறிந்துகொள்வதற்கு இரண்டும் வேண்டும்.

எழுத்தும் அப்படித்தான். இந்த எளிய உண்மையை, எல்லாம் அறிந்ததாகச் சொல்லப்படும் கணினி யுகம் சில வேளைகளில் மறந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பில் தொழில் புரியும் என் தங்கை மகன் தீபாவளிக்கு வந்தபோது, எனக்கென்று ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து தந்தான். தோட்டப் பாடசாலைகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் கரும்பலகையோடு காலங்கழித்த எனக்கு, ஓய்வுக்காலத்தில் எழுதவும் வாசிக்கவும் அது துணையாகும் என்பது அவன் எண்ணம். "மாமா, இதன் திரை மிக உயர்ந்த ரகம். இதைவிட நுட்பமான திரை கடையில் இல்லை" என்று பெருமையோடு கூறினான். அவன் கூறியதில் பொய்யில்லை. துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியின் படமொன்றைத் திறந்து காட்டினான். நீர்த்திவலைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. அடுத்து ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தான். எறும்புகள் சாரி சாரியாக ஊர்ந்து செல்வதைக் கண்டேன், எழுத்துகளைக் காணவில்லை!

வீட்டிலுள்ளோர் உடனே தீர்ப்புக் கூறிவிட்டனர். "உங்கள் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்" என்றாள் என் மனைவி. ஆனால் அந்தக் கண்ணாடி வாங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதை அணிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை முதற்பக்கம் தொடங்கி மரண அறிவித்தல்கள் ஈறாகத் தடையின்றி வாசித்து வந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணின் வில்லை இறுகி, அருகிலுள்ளவை மங்கத் தொடங்குவது இயல்பு. இதைத்தான் நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்றனர். அந்தக் குறைக்குக் கண்ணாடி பரிகாரம் செய்துவிட்டது. அப்படியிருக்க, கடதாசியில் தெரிகின்ற எழுத்து, அதைவிட உயர்ந்ததென்று கொண்டாடப்படும் திரையில் ஏன் தெரியவில்லை? வாத்தியார் புத்தி என்னை விடவில்லை. மருமகனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, விடை கிடைக்கும்வரை அவனை எழுந்திருக்க விடவில்லை.

புள்ளியும் கோலமும்

கணினியின் திரை என்பது எண்ணற்ற ஒளிப்புள்ளிகளின் தொகுதி. 'பிக்சல்' என்று பிள்ளைகள் சொல்வது இப்புள்ளியைத்தான். வாசலில் புள்ளிக்கோலம் இடும் நம் பெண்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். பதினாறு புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை அகல அகல வைத்தால் கோலம் வாசலை நிறைக்கும். அதே பதினாறு புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்தால், கோலம் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. கோலத்தின் அளவு மாறிவிட்டது.

திரையில் நிகழ்வதும் இதுவே. குறுக்காக அளந்தால் 15.6 அங்குலம் வரும் மடிக்கணினித் திரை ஒன்று இருக்கிறது. பழைய சாதாரண ரகத்தில் அகலவாக்கில் 1366 புள்ளிகளும் உயரவாக்கில் 768 புள்ளிகளும் இருக்கும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளிகள். அதே அளவுத் திரையில் 1920க்கு 1080 என்று பதித்தால், அங்குலத்துக்கு 141. மிக உயர்ந்த ரகமாகிய 3840க்கு 2160 என்பதிலோ, அங்குலத்துக்கு 282. இப்போது பதினாறு புள்ளி உயரமுள்ள ஓர் எழுத்தை இம்மூன்றிலும் எழுதிப் பாருங்கள். முதலாவதில் அதன் உயரம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். இரண்டாவதில் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவதில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை! திரை உயர உயர எழுத்துத் தேய்ந்துகொண்டே போகிறது.

புள்ளிகளை எண்ணி எழுத்தை அமைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? திரைகள் யாவும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் செய்யப்பட்ட காலத்தில் வந்தது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினி அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கணக்கிட்டது. விண்டோஸ் 96 என்று கணக்கிட்டது. அன்று இக்கணக்கு உண்மைக்கு அணுக்கமாகவே இருந்தது. 2010ஆம் ஆண்டில் ஐபோன் 4 என்னும் கைப்பேசி அங்குலத்துக்கு 326 புள்ளிகளோடு வெளிவந்தது. அதன் பின்னர்க் கணினித் திரைகளும் அதே வழியில் விரைந்தன. அளவுகோல் மாறிவிட்டது; பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மென்பொருள்கள் மட்டும் மாறவில்லை.

அப்படியானால் நெருக்கமான புள்ளிகளால் பயனே இல்லையா? உண்டு, மிகவும் உண்டு. கோலத்தைச் சுருக்குவதற்குப் பதிலாக, அதே வாசல் அளவுக் கோலத்தை மிகுதியான புள்ளிகளைக் கொண்டு இடுவோமானால், அதன் வளைவுகள் எவ்வளவு வழுவழுப்பாக அமையும்! நான்கு மில்லிமீற்றர் உயர எழுத்தைப் பழைய திரை 16 புள்ளிகளால் தட்டுத்தடுமாறி வரைந்தது. புதிய திரை அதையே 45 புள்ளிகளால் வரையவல்லது. 1991ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் 'ட்ரூடைப்' என்னும் எழுத்துமுறையை வெளியிட்டது. மறு ஆண்டே விண்டோஸும் அதை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் எழுத்து என்பது புள்ளிகளின் கூட்டமன்று. கோடும் வளைவுமாகிய ஒரு புறவடிவம். எந்த அளவுக்குப் பெருக்கினாலும் அது சிதைவதில்லை. ஆகவே நுட்பமான திரையின் முழுப்பயனையும் பெற வேண்டுமாயின், எழுத்தைப் பெருக்கத்தான் வேண்டும். பெருக்குவதால் திரையின் உயர்வை வீணாக்கிவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. அப்போதுதான் அந்த உயர்வு வெளிப்படுகிறது.

ஒரு சுழியின் விலை

எல்லா மொழிகளுக்கும் பொதுவான இத்தொல்லை, தமிழுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகவே வந்து வாய்க்கிறது. ஆங்கில எழுத்துகளுள் பல ஒரு கோட்டோடும் ஒரு வளைவோடும் நின்றுவிடுகின்றன. நம் 'ண'கரத்தையும் 'ஞ'கரத்தையும் 'இ'கரத்தையும் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! அவை சிறுத்துப்போனால் சுழிகள் அடைபட்டு, எழுத்து ஒரு கறுப்புத் துளியாகிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஏற்ற அளவை வைத்துவிட்டு, அதே அளவு தமிழுக்கும் போதுமென்று விடுவது, தம்பிக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்பதை ஒக்கும்.

இது அழகைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. பொருளைப் பற்றிய வழக்கு. தமிழில் ஒரு புள்ளியும் ஒரு சிறு சுழியும் பொருளையே மாற்றிவிடும். 'நிதி'க்கும் 'நீதி'க்கும் இடையிலுள்ள வேறுபாடு கொம்பின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு சுழிதான். திரையில் அச்சுழி தெரியாதவன் நிதி அமைச்சுக்கு எழுத வேண்டிய மனுவை நீதி அமைச்சுக்கு எழுதிவிடுவான்! 'விதி' என்பதற்கும் 'வீதி' என்பதற்கும், 'கொடி' என்பதற்கும் 'கோடி' என்பதற்கும் வேறுபாடு அவ்வளவே. கூட்டல் கழித்தலில் ஒரு பூச்சியத்தை விட்டால் என்ன ஆகுமோ, எழுத்தில் ஒரு சுழியை விட்டாலும் அதுவே ஆகும்.

இந்தச் சுழிகளும் புள்ளிகளும் நமக்கு எளிதில் கிடைத்தவையல்ல. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழிந்துவிடும் என்று அஞ்சி, பழங்காலத்து ஏடெழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதையும் வாசிப்பவரே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் அவற்றை வேறு பிரித்துக் காட்டும் வடிவங்களை அமைத்தார் என்பர். பின்னர் அச்சு பரவியது. புள்ளியும் சுழியும் நிலைபெற்றன. புலவர்கள் மட்டுமே திணறாமல் படிக்கக்கூடிய ஏடு போய், பாடசாலைப் பிள்ளையும் படிக்கக்கூடிய புத்தகம் வந்தது. அச்சு நமக்கு மீட்டுத் தந்த புள்ளியை, எழுத்தைச் சிறுக்கவைத்துத் திரை மறுபடியும் பறித்துக்கொள்ளலாமா?

அச்சின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் இங்கே நினைவுகூரத் தக்கது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடி அச்சகத்துக்கென ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழெழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை பெரியனவாக இருந்தமையால், தாள் மிகுதியாகச் செலவாயிற்று. கடல் கடந்து வரவேண்டிய தாளோ கிடைத்தற்கரியது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். அன்று எழுத்தைச் சிறிதாக்கியதற்கு நியாயம் இருந்தது, தாள் மிச்சமாயிற்று. இன்று திரையில் எழுத்தைச் சிறிதாக்குவதால் மிச்சமாவது என்ன? ஒன்றுமில்லை. பக்கத்தை விரலால் மேலே தள்ளினால் அடுத்த வரிகள் தாமே வருகின்றன. செலவில்லாத இடத்தில் சிக்கனம் காட்டி, படிப்பவன் கண்ணைச் செலவழிப்பது எந்த வகை நியாயம்?

பிறர் வாயால் வாசித்த காலம்

எழுத்துச் சற்றுச் சிறியதாகப் போனால் குடியா முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். தோட்டப்புறத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில், திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் உறவினர் எழுதும் கடிதங்கள் லயத்துக்கு வரும். வந்ததும் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளையையோ வாத்தியாரையோ தேடிப் போக வேண்டும். அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கைகட்டி நிற்க வேண்டும். குடும்பத்தின் கடன், கலியாணம், பிணக்கு, இழவு ஆகிய எல்லாவற்றையும் முதலில் அறிபவர் அவராகவே இருப்பார். தன் வீட்டுச் செய்தியைத் தானே கடைசியில் தெரிந்துகொள்ளும் நிலை! அரசாங்கத்தின் பத்திரங்களோ அதைவிடப் பெரிய சோதனை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க, வதிவைக் காட்டும் சான்றுகள் பல வேண்டியிருந்தன. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில்தான். கடதாசியில் உள்ள ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு சொல் ஆகியவற்றில் ஒரு குடும்பத்தின் தலைவிதியே தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பிள்ளைகள் மெல்ல மெல்லப் படித்தனர். கடிதத்தைத் தானே பிரித்து, தானே வாசித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளும் தாய்மார் லயங்களில் தோன்றினர். கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்த ஒரு விடுதலை அது என்று நான் சொல்வேன்.

இன்று கடிதம் கடதாசியில் வருவது அருகிவிட்டது. பரீட்சைப் பெறுபேறு திரையில் வருகிறது. வங்கிச் செய்தி திரையில் வருகிறது. வெளிநாட்டில் உழைக்கும் மகளின் நலம் திரையில் வருகிறது. அந்தத் திரையில் எழுத்துத் தெரியாவிட்டால், எழுதப் படிக்கத் தெரிந்தவரும் எழுத்தறியாதவராகவே ஆகிவிடுகிறார்.

இதற்கு நானே சாட்சி. பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஓர் அப்பாயி இருக்கிறார். மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். எனினும் பத்திரிகைத் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். அவருடைய மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். தாய்க்கென்று ஒரு கைப்பேசியை அனுப்பி, அதில் தமிழிலேயே செய்தி எழுதுவாள். கைப்பேசியின் திரை நல்ல திரை, எழுத்துத்தான் கடுகு. அப்பாயி அதைக் கடைத்தெருவில் ஒரு பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மூன்று மாதங்களாகச் சம்பளம் கிடைக்கவில்லை என்றும், அதைத் தன் கணவனிடம் சொல்ல வேண்டாம் என்றும் மகள் எழுதியிருந்தாள். பையன் உரத்த குரலில் வாசித்தான். மாலைக்குள் அச்செய்தி லயம் முழுவதும் பரவியது. மகளின் கணவன் காதிலும் விழுந்தது. அந்த வீட்டில் அதன் பின்னர் நடந்தவற்றை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

அடுத்த வாரம் அப்பாயி என்னிடம் வந்தபோது, அந்தக் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, திரை என்னும் பகுதிக்குச் சென்று, எழுத்தின் அளவை இரண்டு படி உயர்த்திக் கொடுத்தேன். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அவர் அதை வாங்கி, மகளின் புதிய செய்தியின்மீது விரலை வைத்து, "அ... ம்... மா..." என்று தொடங்கினார். ஐந்து வரியை வாசித்து முடிக்கக் கால்மணி நேரம் சென்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும் கைப்பேசியை முந்தானையில் முடிந்துகொண்டு, "இனிமே எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்ட வேணாம், வாத்தியாரையா" என்றார். முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் நான் பெற்ற நற்சான்றிதழ்களுள் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

செய்யத் தக்கவை

இனி, கணினி வைத்திருப்போரும் வாங்க எண்ணுவோரும் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைக் கூறுகிறேன். எனக்கு மருமகன் கற்பித்தவையும், நான் பழகித் தெளிந்தவையும் இதில் உண்டு.

எழுத்துச் சிறியதாயிருக்கிறதென்று திரையின் பிரிதிறனைக் குறைத்துவிடுவோர் பலர். அது நல்ல வழியன்று. ஒளிப்புள்ளிகள் திரையில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. அவற்றை நாம் குறைக்க முடியாது. குறைத்ததாகப் பாவனை செய்தால், ஒரு புள்ளியின் நிறம் அயற்புள்ளிகளிலும் கசிந்து, எழுத்துப் பெரிதாகும். ஆனால் மழையில் நனைந்த கடிதம்போல் மங்கும். எதிர்மலையை அருகே கொண்டுவருவதற்காக மூடுபனியை வரவழைப்பது போன்றது இது. பிரிதிறனை உள்ளபடியே விட்டுவிட்டு, அளவு விகிதத்தை உயர்த்துவதே முறை. விண்டோஸ் கணினியில் அமைப்புகளுக்குள் 'சிஸ்டம்', அதற்குள் 'டிஸ்பிளே' என்று சென்றால், 'ஸ்கேல்' என்ற தலைப்பின்கீழ் 100, 125, 150 என நூற்றுவீதங்கள் காணப்படும். ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரத்தில் அமர்ந்து, முன்னே குனியாமல் வாசிக்க முடிகிற அளவே உங்களுக்குரிய அளவு.

ஒரு வலைப்பக்கத்தை மட்டும் பெருக்க வேண்டுமாயின், 'கன்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் போதும். பூச்சியத்தைத் தட்டினால் பழைய அளவு திரும்பும். இந்த ஒரு வித்தையை அறியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்போர் எத்தனை பேர்!

விகிதத்தை உயர்த்திய பின்னர்ச் சில பழைய மென்பொருள்களில் மட்டும் எழுத்து மங்கித் தோன்றலாம். அவை பெருக்கும் முறையை அறியாத காலத்தில் எழுதப்பட்டவை. ஆதலால் கணினி அவற்றின் எழுத்தைப் புதிதாக வரையாமல், புகைப்படத்தை இழுப்பதுபோல் இழுத்துப் பெரிதாக்குகிறது. அம்மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் அதை நிறுவிக்கொள்வதே பரிகாரம்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். இலங்கையில் நெடுங்காலம் பழக்கத்திலுள்ள 'பாமினி' எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்யப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குழப்பமாகவே தெரியும். 1991ஆம் ஆண்டில் வெளியான யுனிகோட் முறையின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. யுனிகோட்டில் எழுதினால், வாசிப்பவர் தம் கண்ணுக்கு உகந்த எழுத்துருவிலும் அளவிலும் அதனை மாற்றிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் விண்டோஸோடு வந்த 'லதா', 2012ஆம் ஆண்டில் வந்த 'நிர்மலா', கூகிள் இலவசமாக வழங்கும் 'நோட்டோ' ஆகிய எல்லாம் அவ்வகையின. வரிகளை நெருக்காமல், எழுத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடம் விட்டு அமையுங்கள். மேல் வரியின் உகரக் கால் கீழ் வரியின் இகரக் கொம்பை இடிக்கலாகாது. சிறிய அளவில் தடித்த எழுத்தை வைக்காதீர்கள், சுழிகள் அடைபடும். வெள்ளைத் தளத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதுவது இக்காலத்து நாகரிகம் போலும். அந்த நாகரிகம் இளங்கண்களுக்கும் பகையே. உலக வலைத்தளச் சங்கம் 2008ஆம் ஆண்டில் வகுத்த நெறிகளில், எழுத்துக்கும் தளத்துக்கும் ஒளிவேறுபாடு நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டுமென்றும், எழுத்தை இரு மடங்காக்கினாலும் பக்கம் சிதையலாகாதென்றும் கூறப்பட்டிருக்கிறது.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021ஆம் ஆண்டில், தொற்றுநோயால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, நம் பதுளை மாவட்டத்திலேயே கைப்பேசிச் சமிக்ஞையைத் தேடிப் பிள்ளைகள் காட்டுப் பாறைகளில் ஏறி இருந்து படித்தனர். அப்படி ஏறிச் சென்ற பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? பல வேளைகளில், குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்த புகைப்படம். புகைப்படத்திலுள்ள எழுத்து எழுத்தன்று, எழுத்தின் படம். அதைப் பெருக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இடமும் வலமுமாக இழுத்து இழுத்தே வாசிக்க வேண்டும். தட்டெழுத்தில் அனுப்பினால், பெருக்கும்போது வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அடங்கும். அனுப்பும் செலவும் குறையும். மலையேறி வந்த பிள்ளைக்கு நாம் செய்யும் சிறு மரியாதை அது.

மாணவச் செல்வங்களே! நாளை வலைத்தளங்களையும் கைப்பேசிச் செயலிகளையும் ஆக்கப்போகிறவர்கள் நீங்கள். பதுளையிலேயே 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் பிற இடங்களிலும் இக்கலையைப் பயிலப்போகிறவர்கள் உங்களுள் உண்டு. நீங்கள் அமைக்கும் பக்கத்தை உங்கள் கண்ணால் மட்டும் சோதித்து அமைதி கொள்ளாதீர்கள். வெள்ளெழுத்து விழுந்த ஒரு தாயிடம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பெரியவரிடம் காட்டிச் சோதியுங்கள். அவர்கள் தடையின்றி வாசித்தால் உங்கள் வேலை முடிந்தது. இல்லையேல் இனித்தான் தொடங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பொழுது சாய்வதற்குள், உங்கள் வீட்டு மூத்தவரின் கைப்பேசியை அவரது அனுமதியோடு வாங்கி, எழுத்தின் அளவை ஒரு படி, வேண்டுமாயின் இரு படி உயர்த்திக் கொடுங்கள். "வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவர் தமக்குள்ளே வாசிக்கும் அந்தச் சிறிது நேரம், எட்டிப் பார்க்காமல் எழுந்து அப்பால் போய்விடுங்கள்.